தடுப்புச் சுவரும் பிட் மாடியும்: ஃபார்முலா 1-இல் பேட்ரிக் மெக்நாலி கண்ட வியாபாரம்

2017 ஏப்ரல் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வருமான வரி வழக்கில் தீர்ப்பு சொன்னது. ஃபார்முலா 1 பந்தயத்தில் யார் எதை விற்கிறார்கள், பணம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு அதைவிடத் தெளிவான ஆவணம் எளிதில் கிடைக்காது.

கிரேட்டர் நொய்டாவில் புத் சர்வதேசப் பந்தயத் தடத்தைக் கட்டிய ஜேபி நிறுவனம், 2011 பந்தயத்தை நடத்தும் உரிமைக்காக ஃபார்முலா 1 நிறுவனத்துக்கு 4 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டிருந்தது. நிலம் ஜேபியுடையது, கட்டடம் ஜேபியுடையது, டிக்கெட் விற்கிற தலைவலியும் அவர்களுடையது. ஆனால் பந்தய ஒப்பந்தத்தை ஒட்டியே கையெழுத்தான வேறு ஒப்பந்தங்கள் வழியாக, தடத்தைச் சுற்றியுள்ள வணிக உரிமைகளும் பந்தயத்தின் பெயரோடு ஒரு நிறுவனத்தின் பெயரைச் சேர்க்கும் உரிமையும் பீட்டா ப்ரீமா 2 என்ற ஃபார்முலா 1 குழும நிறுவனத்துக்குப் போயின. பேடக், அதாவது அணிகளின் வளாகமும் அதை ஒட்டிய விருந்து இடமும் சார்ந்த உரிமை, ஆல்ஸ்போர்ட் மேனேஜ்மென்ட் என்ற சுவிஸ் நிறுவனத்துக்குப் போனது. இதில் வேடிக்கை என்னவென்றால், பெயர் உரிமையை பீட்டா ப்ரீமா 2 நிறுவனம் 2011 ஆகஸ்ட் 16-ஆம் தேதியே பார்தி ஏர்டெல்லுக்கு 80 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டது. அந்த உரிமையை ஜேபியிடமிருந்து முறைப்படி எழுதி வாங்கியது அதற்குச் சுமார் ஒரு மாதம் கழித்துத்தான். முதலில் விற்பனை, பிறகு கொள்முதல். ஜேபி கையெழுத்துப் போடாமல் போய்விடுமோ என்ற கவலை யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

தடத்தைச் சுற்றியுள்ள சுவரும், கார்கள் டயர் மாற்ற வந்து நிற்கும் பிட் கட்டடத்தின் மேல்தளமும் தடத்தின் சொந்தக்காரருக்கு உரியவை அல்ல என்ற இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? அதற்கு விடை தேடினால் ஆல்ஸ்போர்ட்டைத் தொடங்கிய பேட்ரிக் மெக்நாலியிடம் போய் நிற்கவேண்டும். பேட்டிகளிலும் மேடைகளிலும் அதிகம் தென்படாத மனிதர். ஃபார்முலா 1 வியாபாரத்தைப் பல பத்தாண்டுகள் கையில் வைத்திருந்த பெர்னி எக்கிள்ஸ்டோனைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ஆனால் எக்கிள்ஸ்டோன் சாம்ராஜ்யத்தின் இரண்டு பெரிய வருமானக் கிளைகளை நட்டு வளர்த்தவர் பெயர் ரசிகர்களில் பலருக்குத் தெரியாது.

நிருபராக இருந்தவர்

மெக்நாலி 1960-களில் பிரிட்டனின் ஆட்டோஸ்போர்ட் வார இதழுக்கு கிராண்ட் ப்ரீ பந்தயங்களைப் பற்றி எழுதியவர். அன்றைய நிருபர் வேலைக்கும் இன்றைய வேலைக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. ஓட்டுநரும் மெக்கானிக்கும் நிருபரும் ஒரே சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்த காலம். தடத்தின் சொந்தக்காரர் யார், அவருக்குக் கடன் எவ்வளவு, எந்த அணி முதலாளிக்கு அடுத்த பந்தயத்துக்கு டயர் வாங்கக் காசில்லை என்பதெல்லாம் தானாகக் காதில் விழும். பின்னாளில் ஐரோப்பாவின் ஒவ்வொரு பந்தய அமைப்பாளரிடமும் போய் பேரம் பேச அந்தப் பழக்கம்தான் முதலீடு.

1968-இல்தான் கார்களில் வெளி நிறுவனங்களின் விளம்பரத்துக்கு வழி திறந்தது. அந்த ஆண்டின் முதல் பந்தயமான தென்னாப்பிரிக்காவில் கன்ஸ்டன் சிகரெட் நிறத்தில் ஓர் அணி ஓடியது. சில மாதங்களில் லோட்டஸ் அணியே தன் பச்சை வண்ணத்தைக் கழற்றிவிட்டு கோல்ட் லீஃப் சிகரெட்டின் சிவப்பும் வெள்ளையும் பூசிக்கொண்டது. மார்ல்போரோ 1972-இல் பிஆர்எம் அணியோடு வந்தது, 1974-இல் மெக்லாரனுக்கு மாறியது. அந்த ஆண்டே எமர்சன் ஃபிட்டிபால்டி சாம்பியன், 1976-இல் ஜேம்ஸ் ஹன்ட். மார்ல்போரோ சிகரெட்டின் சொந்தக்காரரான பிலிப் மோரிஸ் நிறுவனத்தில் இந்தத் திட்டத்தை நடத்தியவர் ஜான் ஹோகன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு மெக்நாலி சேர்ந்தது இந்த மார்ல்போரோ வேலையில்.

பணம் கொடுக்கிறவர் பக்கம் உட்கார்ந்து பார்த்ததுதான் அவருடைய உண்மையான படிப்பு என்று நினைக்கிறேன். காரில் பெயர் எழுதுவதற்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறார் ஒருவர். அந்த கார் முதல் சுற்றிலேயே இன்னொன்றோடு மோதி நின்றால் கொடுத்த காசு போச்சு. மூன்று சுற்றில் இன்ஜின் புகைந்தாலும் போச்சு. நடுவில் பதினைந்தாம் இடத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்தால் கேமரா அந்தப் பக்கமே திரும்பாது. ஆனால் வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்கிற சுவர் ரேஸிலிருந்து விலகுவதில்லை. யார் முன்னணியில் இருந்தாலும் அந்தச் சுவரைக் கடந்துதான் போகவேண்டும்.

இன்னொன்றையும் பார்த்தார். சிகரெட் கம்பெனி பந்தயத்துக்கு அழைத்து வருவது சிகரெட் பிடிப்பவர்களை அல்ல. மொத்த வியாபாரிகள், சில்லறைக் கடைச் சங்கிலிகளின் தலைவர்கள், வங்கிக்காரர்கள் என்று ஒரு கூட்டம். இவர்களை உட்காரவைக்க பேடக் பின்னால் ஒரு கூடாரம். மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் புழுக்கம், கழிப்பறைக்கு வரிசை. கோடீஸ்வர விருந்தாளிக்கும் புல்மேட்டில் உட்கார்ந்திருந்த ரசிகனுக்கும் வசதியில் பெரிய வித்தியாசம் கிடையாது. விலையில் மட்டும் இருந்தது.

தட்டிகளைக் குறைத்ததே வித்தை

1980-களின் தொடக்கத்தில் ஆல்ஸ்போர்ட் பிறந்தபோது, தடத்தைச் சுற்றிலும் விளம்பரத் தட்டி வைப்பது அந்தந்த ஊர் அமைப்பாளரின் வேலை. உள்ளூர் பெயின்ட் கடை, டயர் வியாபாரி, பீர் கம்பெனி என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு பலகை. கோயில் திருவிழாவில் கடை ஏலம் விடுவதுபோலத்தான், ஊருக்கு ஊர் விலை வேறு, விதி வேறு. உலகம் முழுதும் பொருள் விற்கும் ஒரு கம்பெனி ஆண்டின் 16 பந்தயங்களிலும் தெரியவேண்டுமென்றால் 16 பேரிடம், பல மொழிகளில், பல நாணயங்களில் பேரம் பேசவேண்டும். எந்தப் பலகை கேமராவில் விழும் என்று விற்றவருக்கே தெரியாது.

இதற்கு நடுவே 1981-இல் அணிகளுக்கும் பந்தய நிர்வாகத்துக்கும் இடையே கான்கார்ட் ஒப்பந்தம் வந்தது. அணிகள் எல்லாப் பந்தயங்களிலும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும் என்றானது. தொலைக்காட்சி உரிமையைப் பேசி விற்கும் அதிகாரம் எக்கிள்ஸ்டோன் கையில் வந்தது. இந்த இரண்டும் சேர்ந்த பிறகே சுவருக்கு ஒரு நிலையான விலை வைக்க முடிந்தது. எத்தனை நாட்டில் ஒளிபரப்பாகும், எத்தனை பந்தயம், எல்லா அணிகளும் வருமா என்ற மூன்றுக்கும் உத்தரவாதம் இல்லாமல் எந்த விளம்பர மேலாளரும் ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமாட்டார்.

மெக்நாலி செய்தது, முதலில் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தது. அமைப்பாளர் தடத்தைத் துடைத்து வெறுமையாக ஒப்படைக்க வேண்டும். தொலைக்காட்சிப் படத்துக்குள் வருகிற இடத்தில் ஊர்க்காரர் பலகை ஒன்றுகூட இருக்கக்கூடாது. பிறகு தடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு வளைவு முழுவதையும் ஒரே கம்பெனிக்குக் கொடுத்தார். இருபது பெயர் கசகசவென்று இருந்த இடத்தில் ஒரே பெயர், ஒரே நிறம், பார்க்கிறவன் மண்டையில் தங்கிவிடும். விளம்பரதாரர்களின் எண்ணிக்கை குறைந்தது, ஒருவர் தரும் பணம் பல மடங்கு ஏறியது. ஃபாஸ்டர்ஸ் பீர், பிறகு அலியான்ஸ், டிஎச்எல், ஆர்பிஎஸ், ஐஎன்ஜி, யூபிஎஸ் என்று வெவ்வேறு காலங்களில் ரசிகர்களின் கண்ணில் பதிந்த பெயர்களெல்லாம் இந்த முறையில் வந்தவை.

இந்த வேலையில் கேமராதான் முதலில் வரும், பலகை பிறகு. எந்தெந்த இடத்தில், எந்த உயரத்தில் கேமரா வைக்கப்போகிறார்கள் என்ற வரைபடம் கையில் வந்த பிறகுதான் எங்கே என்ன வைப்பது என்று முடிவாகும். பெரும்பாலான பலகைகள் கேலரியில் இருப்பவர்களுக்காக நிற்பதில்லை, கேமரா முகத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும். விலை அதிகமான இடம் நீண்ட நேர்கோட்டின் முடிவில் வரும் மெதுவான வளைவு. ஒருவரை ஒருவர் முந்துவது அங்கேதான். பிரேக் போடும்போது கார் மெதுவாகும், கேமராவும் மெதுவாக நகரும், பின்னால் இருக்கிற எழுத்தைப் படிக்க முடியும். வேகமான வளைவில் வைத்தால் நிறம் மட்டும் கோடாகத் தெரியும், பெயர் தெரியாது.

புல்லிலும் ஓரத் தார்ப்பரப்பிலும் வரையும் எழுத்துகள் தனிக் கலை. தரையில் படுத்திருக்கும் எழுத்து, கேமராவில் பார்த்தால் எழுந்து நிற்பதுபோல் தெரியவேண்டும். அதற்காகக் கேமராவின் இடத்திலிருந்து கோணம் கணக்கிட்டு, தூரப் பக்கத்தை இழுத்து நீட்டி வரைவார்கள். பக்கத்தில் போய் நின்றால் அது என்ன எழுத்தென்றே புரியாது. வரைந்து முடித்த பிறகு ஒளிபரப்புக்காரர்கள் கேமராவைச் சில மீட்டர் தள்ளி வைத்தால் எழுத்தெல்லாம் சாய்ந்துவிடும். புல்லுக்கு நீரில் கரையும் பெயின்ட். தார்ப்பரப்புக்குச் சாதாரண பெயின்ட் அடித்தால் மழையில் வழுக்கும், ஓட்டுநர்கள் திட்டுவார்கள். வழுக்காத பூச்சுதான் அடிக்கவேண்டும்.

டயர் தடுப்புகளின் முன்னால் கன்வேயர் பெல்ட் ரப்பரைப் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். கார் டயர்களுக்கு நடுவே சொருகிக்கொள்ளாமல் இருக்க அந்த ஏற்பாடு. அந்த ரப்பரும் விளம்பரப் பரப்புதான். வெள்ளிக்கிழமை பயிற்சியில் ஒரு கார் அங்கே மோதினால் பெயர் கிழியும். சனிக்கிழமை காலைக்குள் புதிது ஒட்டவேண்டும் என்பதால் மாற்று அச்சுகள் தயாராக வண்டியில் இருக்கும்.

நேராக நிற்கும் பெரிய பலகைகளுக்கு எதிரி காற்று. கப்பல் பாய் மாதிரி காற்றை வாங்கிக்கொள்ளும். கட்டியது சரியில்லையென்றால் என்னவாகும் என்பதை 2000-ஆம் ஆண்டு பிரேசில் பந்தயத்தில் எல்லோரும் பார்த்தார்கள். இன்டர்லாகோஸ் தடத்தில் தகுதிச் சுற்று நடந்துகொண்டிருந்தபோது முதன்மை நேர்கோட்டில் விளம்பரத் தட்டிகள் பெயர்ந்து தடத்தின் மேல் விழுந்தன. ஒன்று ஜான் அலேசியின் ப்ரோஸ்ட் காரோடு மோதியது. தகுதிச் சுற்றை மூன்று முறை நிறுத்தவேண்டி வந்தது. அலேசிக்கு ஒன்றும் ஆகவில்லை, அது அதிர்ஷ்டம். சுமார் 300 கி.மீ. வேகத்தில் கார் போகும் இடம் அது.

வாங்கியவருக்குக் கணக்கும் காட்டவேண்டும். எத்தனை வினாடி பெயர் திரையில் தெரிந்தது, திரையில் எவ்வளவு இடத்தை அடைத்தது, முழுதாகப் படிக்க முடிந்ததா, பாதிதானா என்று ஒளிபரப்பைப் பார்த்து எண்ணுவார்கள். பிறகு அதே நேரத்தில் 30 வினாடி விளம்பரம் போட்டிருந்தால் என்ன செலவு என்று ஒப்பிட்டு ஒரு தொகை சொல்வார்கள். அந்தத் தொகையை அப்படியே நம்பும் விளம்பர மேலாளர் யாரும் கிடையாது. பின்னணியில் தெரிகிற பெயரும், கதை சொல்லி முடிக்கிற விளம்பரமும் ஒன்றாகாது என்று எல்லோருக்கும் தெரியும், ஆகவே ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு படிப்பார்கள். இருந்தாலும் அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மேலதிகாரியிடம் காட்ட ஒரு தாள் வேண்டுமே.

இந்த முறைக்குப் பல பத்தாண்டுகள் மசியாமல் நின்ற ஊர் மொனாக்கோ. அங்குள்ள ஆட்டோமொபைல் கிளப் தன் சுவர்களைத் தானே விற்றது, ஒளிபரப்பையும் 2022 வரை உள்ளூர் நிறுவனமே தயாரித்தது. 2013 முதல் 2024 வரை ஃபார்முலா 1-இன் அதிகாரபூர்வ கடிகாரம் ரோலெக்ஸ். ஆனால் மொனாக்கோ தடத்தில் மட்டும் போட்டிக் கடிகாரமான டேக் ஹோயர் பெயர் பெரிதாக நின்றது. ரோலெக்ஸ் நிர்வாகிகளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போயிருக்கும் என்று ஊகிக்கலாம். மொனாக்கோ இல்லாமல் சாம்பியன்ஷிப் இல்லை என்பதால் அவர்களால் மறுக்க முடிந்தது. நொய்டாவுக்கும் கொரியாவுக்கும் அந்த வசதி இல்லை.

பிட் மாடி விருந்து

இரண்டாவது கிளை பேடக் கிளப். 1984-இல் தொடங்கியது. கூடாரத்தை ஒழித்துவிட்டு, அணிகளின் கராஜுக்கு நேர் மேலே உள்ள தளத்தை விருந்து மண்டபமாக்கினார்கள். கீழே டயர் மாற்றுகிறார்கள், எதிரே தொடக்கக் கோடு. தடத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது. புதிதாகத் தடம் கட்டுகிறவர்கள் பிட் கட்டடத்துக்கு மேல் விசாலமான தளங்களைப் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. 1999-இல் மலேசியாவின் செப்பாங் தடம் வந்த காலத்திலிருந்து ஆசியத் தடங்கள் எல்லாமே இப்படித்தான்.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. பேடக் கிளப் சீட்டு வாங்கினால் பேடக்குக்குள் போகமுடியாது. பேடக் என்பது கராஜ்களுக்குப் பின்னால் அணிகளின் வண்டிகளும் ஓட்டுநர்களும் இருக்கும் வளாகம், அதற்கான பாஸ் வேறு, மின்னணுக் கதவு வேறு. அந்தப் பாஸ் கடையில் விற்பதில்லை, கொடுக்கப்படுவது. ஐந்தாயிரம் டாலர் கொடுத்து வந்த விருந்தாளி, மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, கீழே பாஸோடு திரிகிறவனைக் கண்டு ஏங்கவேண்டும். இது தற்செயல் இல்லை. ஒரு கதவைத் திறந்து காசு வாங்கி, அடுத்த கதவைக் காட்டி மறுபடி ஆசையைக் கிளப்புகிற படிக்கட்டு.

வாங்குகிறவர்களில் பெரிய பங்கு அணிகளே. ஒரு கம்பெனி அணிக்கு விளம்பரப் பணம் தரும்போது ஒப்பந்தத்தில் பந்தயத்துக்கு இத்தனை விருந்தினர் இடம் என்று எழுதிக்கொள்வார்கள். அந்த இடங்களை அணி காசு கொடுத்து வாங்கவேண்டும். ஆக, பந்தயம் ஓடுகிற அணியே பந்தயத்தின் மாடியில் வாடிக்கையாளர். அணி நஷ்டத்தில் ஓடினாலும் இந்தச் செலவைக் குறைக்க முடியாது, குறைத்தால் பணம் தருகிற கம்பெனி கோபிக்கும். பிறகு தடத்தில் விளம்பரம் வைத்திருக்கும் கம்பெனிகள் தனி அறை எடுப்பார்கள். மீதி பொது அறை, அதில் தனியாகச் சீட்டு வாங்கியவர்கள் உட்காரலாம்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மூன்று நாள் சீட்டு 4,000 டாலர், விருந்தினர் 3,000 பேர் என்றால் 1.2 கோடி டாலர். கேலரியில் 200 டாலர் சீட்டில் 60,000 பேரை உட்காரவைத்தால்தான் அந்தத் தொகை வரும். 60,000 பேருக்கு வண்டி நிறுத்த இடம், காவலர், கழிப்பறை, குப்பை எல்லாம் அமைப்பாளர் பாடு. மாடியில் உள்ள 3,000 பேருக்குச் சமையல்காரரும் பரிமாறுபவரும் போதும்.

அந்தச் சமையல் எளிதில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1992 முதல் ஃபார்முலா 1 விருந்துகளில் இருப்பது வியன்னாவின் டூ அண்ட் கோ நிறுவனம். ஆண்டில் சில நாட்களே மனிதர் நடமாடும் கட்டடத்தில், மின்சாரமும் தண்ணீரும் வடிகாலும் எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல் சமையலறை போடவேண்டும். அடுத்த வாரம் வேறு நாடு. பரிமாறும் நேரத்தைச் சமையல்காரர் முடிவு செய்ய முடியாது, பந்தய அட்டவணை முடிவு செய்யும். காலையில் பிட் லேனில் நடைக்கு விருந்தாளிகளைக் கூட்டிப்போகவேண்டும். அது முடிந்து எல்லோரும் ஒரே சமயத்தில் மேலே வருவார்கள், ஒரே சமயத்தில் பசிக்கும். தொடக்கத்துக்கு அரை மணி நேரம் முன்பே பால்கனிப் பக்கம் கூட்டம் நகர்ந்துவிடும், அதற்குள் முக்கிய உணவு முடியவில்லையென்றால் தட்டுகள் ஆறிப்போய்த் திரும்பும். பந்தயம் முடிந்த நொடியில் இன்னொரு அலை. நடுவில் ஓர் ஓட்டுநர் வந்து ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் போவார். அவர் தாமதமானால் மொத்த அட்டவணையும் தள்ளும். சாவி இருப்பது அணியின் ஊடக அலுவலர் கையில், சமையல்காரர் கையில் இல்லை.

ஆனால் விருந்து கெட்டுப்போவது பெரும்பாலும் மாடியில் இல்லை, சாலையில். 2000-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பந்தயத்தை ஈஸ்டர் வாரத்துக்கு, ஏப்ரல் 23-க்கு மாற்றினார்கள். மழையில் சில்வர்ஸ்டோனின் புல்வெளி வண்டி நிறுத்துமிடங்கள் சேற்றுக்குழியாயின. சனிக்கிழமை வாகன நிறுத்தத்தை மூடி, ரசிகர்களை வரவேண்டாம் என்று சொல்லவேண்டிய நிலை. ஞாயிறன்றும் மைல்கணக்கில் நெரிசல். மாடியில் எவ்வளவு நல்ல மது வைத்திருந்தாலும் விருந்தாளி நெடுஞ்சாலையில் காரில் உட்கார்ந்திருந்தால் என்ன பயன்? தடத்துக்குப் போகும் பாதை அமைப்பாளர் பொறுப்பு, விருந்து இன்னொருவர் பொறுப்பு என்று பிரித்து வைத்ததில் உள்ள ஓட்டை அது.

மண்ணுக்குச் சொந்தக்காரரின் கணக்கு

சுவர் போயிற்று, மாடி போயிற்று, பெயர் உரிமை போயிற்று, தொலைக்காட்சி எப்போதும் இவர்களுடையதில்லை. தடத்தின் சொந்தக்காரருக்கு மிஞ்சுவது டிக்கெட், வண்டி நிறுத்தக் கட்டணம், தின்பண்டக் கடை, பிட் கட்டடத்துக்கு வெளியே தானே விற்றுக்கொள்ளும் விருந்து இடங்கள். கொடுக்கவேண்டிய கட்டணமோ ஆண்டுக்கு ஆண்டு ஏறும். சில்வர்ஸ்டோனின் ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 5 சதவீத ஏற்றம் எழுதியிருந்தது. 2010-இல் 1.15 கோடி பவுண்டாக இருந்த கட்டணம் 2017-இல் 1.62 கோடி ஆனது. 2015-இல் 28 லட்சம், 2016-இல் 48 லட்சம் பவுண்டு நஷ்டம். அதுவும் எப்படி? உலகிலேயே அதிகக் கூட்டம் வரும் பந்தயங்களில் ஒன்றை நடத்திக்கொண்டு. கூட்டம் குறைவதால் நஷ்டம் என்றால் புரிந்துகொள்ளலாம், இங்கே கேலரி நிரம்பியும் நஷ்டம். 2017 ஜூலையில் ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமையைப் பயன்படுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். புதிய ஒப்பந்தம் கையெழுத்தாக 2019 ஜூலை ஆயிற்று.

தனியார் தடத்துக்கே இந்த நிலை என்றால், மீதியை யார் ஈடு கட்டுவது? அரசாங்கங்கள்தான். சுற்றுலா வளரும், நாட்டின் பெயர் பரவும் என்ற காரணத்தோடு கருவூலத்திலிருந்து பணம் வரும். அந்தக் கணக்கு சரிவராது என்று மலேசிய அரசு முடிவு செய்தபோது 2017-உடன் செப்பாங் பந்தயம் நின்றது. சிங்கப்பூர் 2008 முதல் தாக்குப்பிடிக்கிறது. இந்தியாவில் அரசுப் பணம் பெரிதாக இல்லாமல் ஒரு தனியார் கட்டுமான நிறுவனம் தனியாகச் சுமந்த பந்தயம் 2011, 2012, 2013 என்று மூன்று ஆண்டில் முடிந்தது. பணமில்லை என்று ஜேபியைக் குறை சொல்வது சுலபம். ஆனால் வருமானம் தரும் உரிமைகளைக் கழித்துவிட்டுச் செலவை மட்டும் விட்டுவைத்த ஒப்பந்தத்தில் எந்த நிறுவனமாக இருந்தாலும் எவ்வளவு நாள் நின்றிருக்கும் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

உச்ச நீதிமன்றம் வரி விஷயத்தில் வந்த முடிவும் இதிலிருந்தே பிறந்தது. பந்தய நாட்களில் தடம் முழுதும் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று பார்த்தார்கள். விளம்பரம், விருந்து, ஒளிபரப்பு, யார் உள்ளே வரலாம் என்பது எல்லாம் ஒரே குழுமத்தின் கையில் இருக்கும்போது, சில நாட்களே ஆனாலும் அது இந்தியாவில் அவர்களுடைய நிலையான தொழில் இடம்தான் என்று சொல்லிவிட்டார்கள். வரி கட்டவேண்டும். மூன்றாவது வளைவின் பலகை வரை எல்லாவற்றையும் தன்வசம் வைத்துக்கொள்ளும் மெக்நாலி முறையின் நுணுக்கம், வரித்துறைக்கு நல்ல சாட்சியாகிப் போனது.

விற்றபோதும் விற்ற பிறகும்

சிகரெட் பணம் போகப்போகிறது என்பது நன்றாகவே முன்கூட்டித் தெரிந்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2005 ஜூலை 31-இல் நடைமுறைக்கு வந்தது. ஹங்கேரி பந்தயம் நடந்ததும் அதே ஞாயிறுதான். அதன் பிறகு வங்கிகள் வந்து இடத்தை நிரப்பின, 2008 நிதி நெருக்கடியில் அவற்றில் சில கழன்றுகொண்டன. சுவரை வைத்திருப்பவருக்கு இதில் அணிகளைவிட ஒரு வசதி உண்டு. பழைய கம்பெனி போனால் அணி தன் காரின் நிறத்திலிருந்து ஓட்டுநரின் உடை வரை மாற்றவேண்டும், சுவருக்கு வேறு அச்சு ஒட்டினால் போதும்.

2006 மார்ச்சில், ஃபார்முலா 1-ஐ வாங்கிக்கொண்டிருந்த சிவிசி முதலீட்டு நிறுவனம் ஆல்ஸ்போர்ட்டையும் அதன் சகோதர நிறுவனமான ஆல்சாப் பார்க்கர் அண்ட் மார்ஷையும் சேர்த்து வாங்கியது. தொலைக்காட்சியும் பந்தயக் கட்டணமும் ஒரு பக்கம், விளம்பரமும் விருந்தும் இன்னொரு பக்கம் என்று இருந்தது அப்போதுதான் ஒரே கூரைக்குள் வந்தது. எக்கிள்ஸ்டோனோடு நட்பும் கைகுலுக்கலுமாக நடந்த ஏற்பாட்டை, கணக்குப் பார்க்கிற முதலீட்டாளர்கள் அப்படியே விட்டுவைக்க மாட்டார்கள். வெளியாள் ஒருவர் கையில் இரண்டு வருமானக் கிளைகள் இருந்தால் முழு நிறுவனத்தையும் பின்னால் நல்ல விலைக்கு விற்க முடியாது. அந்த விற்பனை 2017 ஜனவரியில் நடந்தது. அமெரிக்க நிறுவனமான லிபர்ட்டி மீடியா, கடனோடு சேர்த்து 800 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது.

விருந்து எவ்வளவு முக்கியம் என்று லிபர்ட்டிக்கு உணர்த்தியது கொரோனா. 2019-இல் சுமார் 202 கோடி டாலராக இருந்த ஃபார்முலா 1 வருமானம் 2020-இல் 114 கோடிக்கு இறங்கியது. பந்தயங்கள் குறைந்ததும், ரசிகர் இல்லாததால் அமைப்பாளர்கள் கட்டணம் தர முடியாமல் போனதும் பெரிய காரணங்கள். பெரும்பாலான பந்தயங்களில் பேடக் கிளப் திறக்கவே இல்லை என்பதும் அதில் சேர்த்தி. காலி கேலரிக்கு முன்னால் பந்தயம் ஓடலாம், தொலைக்காட்சிக்காரர் பணம் தருவார். காலி மாடியில் விருந்து விற்க முடியாது.

அதன் பிறகு லிபர்ட்டி எடுத்த பெரிய முடிவு லாஸ் வேகஸ். 2022-இல் 39 ஏக்கர் நிலத்தை 24 கோடி டாலருக்கு வாங்கி, பிட் கட்டடத்தை நிரந்தரமாகக் கட்டினார்கள். கீழே கராஜ், மேலே பேடக் கிளப். பந்தயத்தை நடத்துபவரும் அவர்களே, ஆகவே டிக்கெட், சுவர், மாடி எல்லாம் ஒரே கணக்கில். நஷ்டம் வந்தால் தலையில் கட்ட ஜேபி மாதிரி ஒருவர் கிடையாது. 2023 நவம்பரில் முதல் பயிற்சி எட்டே நிமிடத்தில் நின்றது. சாலையில் இருந்த வால்வு மூடி பெயர்ந்து கார்லோஸ் சைன்ஸின் ஃபெராரியைக் கிழித்தது. மற்ற மூடிகளைச் சரிபார்த்து இரண்டாம் பயிற்சி தொடங்க விடியற்காலை 2.30 ஆனது, அதற்குள் காவலர் பணிநேரம் முடிந்துவிட்டதென்று ரசிகர்களை வெளியே அனுப்பியிருந்தார்கள். இப்படிப்பட்ட கெட்ட பெயரெல்லாம் இதற்கு முன்பு உள்ளூர் அமைப்பாளர் தலையில் விழுந்தது, இம்முறை நேரடியாக ஃபார்முலா 1 பெயரில் விழுந்தது.

அப்படியும் அவர்கள் பின்வாங்கவில்லை. 2024 ஜனவரியில், ஃபார்முலா 1 விருந்துச் சீட்டுகளையும் பயணப் பொதிகளையும் விற்றுவந்த குயின்ட்ஈவென்ட்ஸ் நிறுவனத்தையே லிபர்ட்டி வாங்கிக்கொண்டது. 2025 முதல் டேக் ஹோயரின் சொந்தக்காரரான எல்விஎம்எச் குழுமத்துடன் பத்தாண்டு ஒப்பந்தம். ரோலெக்ஸ் இருந்த இடத்தில் இப்போது டேக் ஹோயர்.